விற்க விரும்புகிறவரும் விற்க வேண்டியவரும்

கொழும்பிலிருந்து பெருநாளைக்கு வந்திருந்த என் மருமகன் ஒருவர் கையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருந்தார். காணி வாங்கி விற்கும் தொழிலில் இறங்கப் போகிறாராம். அமெரிக்காவில் அந்தத் தொழில் செய்பவர்களுக்காக எழுதப்பட்ட கைநூல் ஒன்றிலிருந்து பிரதி எடுத்தது. "மாமா, இந்தத் தொழிலில் லாபம் விற்கும்போது வருவதில்லை, வாங்கும்போதே வந்துவிட வேண்டும். அதற்கு, விற்றே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்" என்று விளக்கம் சொன்னார்.

அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க அந்தத் தாளில் அடையாளங்கள் இருந்தன. புல் மண்டிய முற்றம், பூட்டிக் கிடக்கும் கேற், கடிதங்கள் நிரம்பிய தபாற்பெட்டி, கட்டப்படாத வரி. பிறகு மரணம் நடந்த வீடு, கணவன் மனைவி பிரிந்த வீடு, வங்கிக்குக் கடன் கட்ட முடியாத வீடு. இந்த அடையாளம் உள்ள வீடுகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகக் கதவைத் தட்ட வேண்டுமாம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மூதூரிலிருந்து சம்பூர் வீதியால் கட்டைபறிச்சான் பக்கம் போனேன். "2006இல் இருந்து பல வருடங்கள் இந்தப் பாதையால் வந்திருந்தால் உங்கள் புத்தகம் சொல்லும் அடையாளம் வளவுக்கு வளவு இருந்திருக்கும். முற்றத்தில் புல் அல்ல, காடே வளர்ந்திருந்தது. ஆனால் அந்த வளவுக்காரர் ஒருவரும் விற்க நினைத்து அங்கிருந்து போகவில்லை" என்றேன்.

வர்த்தக சகோதரர்களே, வாங்கும்போதே லாபம் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. அரிசியோ புடவையோ சீமெந்தோ, எதில் வியாபாரம் செய்தவருக்கும் அது தெரியும். விற்பனை விலையைச் சந்தை தீர்மானிக்கிறது, கொள்விலையில்தான் எமது கெட்டித்தனம். காணி வாங்கி விற்பதும் ஹலாலான தொழில்தான். எனக்குள்ள தகராறு மருமகன் சொன்ன இரண்டாம் வாக்கியத்தோடு. விற்க விரும்புகிறவர் வேறு, விற்றே தீர வேண்டியவர் வேறு. எமது பிரதேசத்தில் இந்த இருவரையும் ஒன்றாக எண்ணித் தொழில் செய்தவர்கள் மறுமைக்கு முன் இம்மையிலேயே நட்டப்பட்டிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி கட்டைபறிச்சானிலேயே இருக்கிறது.

வெளிமாவட்ட வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் விமானத் தாக்குதல் தொடங்கியது. சம்பூர் மக்கள் வாகரைப் பக்கமாக மட்டக்களப்புக்கு ஓடினார்கள். அதே வருடம் ஓகஸ்டில் மூதூர் நகரில் சண்டை மூண்டு, நாங்கள் குடும்பம் குடும்பமாகக் கந்தளாய்க்கு ஓடினோம். செப்டம்பரில் சம்பூரை இராணுவம் கைப்பற்றியது. நாங்கள் சில வாரங்களில் ஊர் திரும்பிவிட்டோம். சம்பூர் மக்களால் திரும்ப முடியவில்லை. 2007இல் அந்தப் பகுதி அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அங்கே நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்றார்கள், பாரிய கைத்தொழில் வலயம் வரப்போகிறது என்றார்கள், கடற்படை முகாமும் வந்தது. காணிக்காரர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் நலன்புரி முகாம்களில் தகரக் கொட்டில்களில் வருடக் கணக்கில் இருந்தார்கள். சொந்த வளவு சில மைல் தூரத்தில். போக முடியாது.

இனி வியாபாரக் கண்ணால் பாருங்கள். மருமகனின் தாளில் உள்ள அத்தனை அடையாளமும் அந்த முகாமில் இருந்தது. கையில் காசு இல்லை. தொழில் இல்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு, குமருக்குக் கலியாணம். காணி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் தேய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம், எங்களுக்குப் பாதை திறந்துகொண்டிருந்தது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் முடிந்தன. லோஞ்சையும் மிதவைப் பாதையையும் நம்பியிருந்த மூதூர், திருகோணமலையோடு தரைவழியாகச் சேர்ந்தது. வீதி வந்தால் விலை ஏறும் என்று தெரிந்தவர்கள் ஒரு பக்கம். தன் காணியைப் பார்க்கவே முடியாதவர்கள் மறுபக்கம். தரகருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என்னிடமும் ஒரு தரகர் வந்தார். ஊர், பெயர் வேண்டாம். "காணி இந்த ஆட்களுக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை முதலாளி. இப்ப கொஞ்சக் காசைக் கொடுத்து உறுதியை எழுதி வாங்கிவிட்டால், நாளைக்கு நட்டஈடு வந்தாலும் உங்களுக்கு, காணி விட்டாலும் உங்களுக்கு" என்றார். நேர்மையாகச் சொல்கிறேன், ஆசை வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகவும் இருந்தது. அவரோடு கட்டைபறிச்சான் முகாமுக்குப் போனேன்.

அங்கே ஒரு பெரியவர். இடம்பெயர்வதற்கு முன் எங்கள் பக்கத்துக் கடைகளுக்குத் தயிரும் நெல்லும் கொண்டுவந்தவர், முகம் தெரிந்தவர். இருக்கச் சொல்லி, பிளேன்ரீ தந்தார். தரகர் விஷயத்தைச் சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "முதலாளி, நீங்க கந்தளாயில கிடக்கக்குள்ள ஆராவது வந்து உங்கட கடைய விலைக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டார். நான் "மன்னிச்சுக் கொள்ளுங்க ஐயா" என்று எழும்பி வந்துவிட்டேன். தரகர் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வந்தார்.

பின்னர் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கைத்தொழில் வலயத்துக்கென எடுக்கப்பட்டிருந்த 818 ஏக்கர் தொடர்பான வர்த்தமானியை 2015 மே மாதம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரத்துச் செய்தார். வழக்கெல்லாம் கடந்து ஓகஸ்டில் காணிகள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. 2016இல் கடற்படை இருந்த காணியும் விடுபட்டது. 500 மெகாவோட் நிலக்கரித் திட்டத்தையும் அதே வருடம் கைவிட்டார்கள். 'கிடைக்கவே கிடைக்காது' என்று தரகர் சத்தியம் பண்ணிய காணியில் இன்று சனம் கிணறு இறைத்து, மாடு கட்டி, வீடு கட்டி இருக்கிறது.

இதைத் தமிழ் மக்களின் விஷயம் என்று தள்ளிவிட எமக்கு உரிமை இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எமது சமூகம் முழுவதுமாக வெளியேற்றப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சுமார் எழுபத்தையாயிரம் பேர். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த அந்தச் சகோதரர்களில் எத்தனை பேர், யாழ்ப்பாணத்து வளவையும் வீட்டையும் கேட்ட விலைக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். 2009க்குப் பிறகு திரும்பிப் போனவர்கள், தாங்கள் விற்ற விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். அந்தக் காணிகளை வாங்கியவர்கள் சட்டப்படி ஒரு பிழையும் செய்யவில்லை. மருமகனின் புத்தகம் அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றே சொல்லும். நாம் அவர்களை என்னவென்று சொல்கிறோம்?

மார்க்கத்தில் இதற்குத் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவரின் விற்பனையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அலி (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்வார்கள். ஆனால் அதன் கருத்தை விளக்கிய மார்க்க அறிஞர்கள் இரண்டு நிலைகளைப் பிரித்திருக்கிறார்கள். கத்தியைக் காட்டி விற்கச் செய்தால் அந்த விற்பனை செல்லாது. கடனாலோ கஷ்டத்தாலோ ஒருவர் அரைவிலைக்கு விற்க வந்தால் விற்பனை செல்லும், ஆனால் அது விரும்பத்தக்கதல்ல. அவருக்குக் கடன் கொடுத்தோ தவணை கொடுத்தோ உதவுவதே முறை. கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்பகராவின் 280ஆம் வசனத்தை வட்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் நாம் நினைக்கிறோம்.

இன்னொன்று, பலம் பொருந்திய ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. வெளியூரிலிருந்து சரக்கோடு வரும் வியாபாரக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்கு வந்து விலையை அறிய முன்னர் வழியிலேயே போய் மறித்து வாங்குவது தடுக்கப்பட்டது. அப்படி யாராவது வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து விலையைப் பார்த்த பிறகு அந்த விற்பனையை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. காணித் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பாலம் வரப்போவது, தொழிற்சாலை வரப்போவது, வீதி அகலப்போவது கச்சேரியில் ஆள் வைத்திருப்பவருக்கு முதலில் தெரியும். அவர் ஓடிப்போய் ஒன்றும் அறியாத காணிக்காரரை மடக்குகிறார். ஒட்டகம் இல்லை என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

சரி, மார்க்கம் பேசினால் ஜும்ஆவில் போலத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து பழையபடி நடப்பது எமது வழக்கம். எனவே காசுக் கணக்கையே பேசுகிறேன். கஷ்டத்தில் இருப்பவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கும் காணி பெரும்பாலும் கெட்ட காணி. மண் கெட்டதல்ல, பத்திரம் கெட்டது.

எமது நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து உள்ள விதி. அதனால் உறுதி கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று எம்மவர்கள் நினைக்கிறார்கள். முடியவில்லை. ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த ஒரு கோட்பாடு இன்றும் எமது நீதிமன்றங்களில் உயிரோடு இருக்கிறது. காணியின் உண்மையான பெறுமதியில் பாதிக்கும் குறைவான விலைக்கு, அந்தப் பெறுமதியை அறியாமல் விற்றவர், அந்த விற்பனையை ரத்துச் செய்யும்படி வழக்குப் போடலாம். 'மலிவாக மடக்கினேன்' என்று தேத்தண்ணிக் கடையில் பெருமை பேசுகிறவர், எதிராளிக்குச் சாட்சி தயார் செய்து கொடுக்கிறார்.

இதைவிட ஆபத்தானது, எமது பகுதியில் சர்வசாதாரணமாக நடப்பது. ஒருவர் அவசரத்துக்குக் கடன் கேட்டு வருகிறார். கொடுப்பவர் ஈட்டு உறுதி எழுதாமல் அறுதி உறுதி எழுதி வாங்குகிறார். 'காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்' என்பது வாய்ப்பேச்சு. தவணை தப்பினால் காணி கடன் கொடுத்தவருக்கு. இவரும் தன்னைக் காணி முதலீட்டாளர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்! ஆனால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணியை எழுதிக் கொடுத்தவர் அதன் பயன் உரித்தை விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்று சூழ்நிலைகளில் இருந்து தெரிந்தால், வாங்கியவர் அவருக்காக அதை நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருப்பவர் மட்டுமே. விலை மிகக் குறைவு, விற்றவர் இன்னும் அதே வீட்டில் குடியிருக்கிறார், வரிப் பற்றுச்சீட்டு அவர் பெயரில்தான் இருக்கிறது என்றால் நீதவான் என்ன முடிவுக்கு வருவார்? ஈடாகக் கிடைத்த வயலின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பது வட்டியில் சேரும் என்று உலமாக்கள் சொல்வதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

யுத்த காலத்தில் விட்டுப்போன காணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கிடைக்கும் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிறர் வளவில் வேலி போட்டவர் 'எனக்கு உரிமை முத்திவிட்டது' என்று அதை விற்க வருவார். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரை பயங்கரவாத நடவடிக்கைகளால் தமது உரிமையைத் தேடி நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்று விசேட ஏற்பாடு செய்தது. அதன்கீழ் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருந்தது. அப்போது போடப்பட்ட வழக்கு ஏதாவது அந்தக் காணியில் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலிக்காரரிடம் வாங்கினால், வாங்குவது காணியை அல்ல, வழக்கை.

'பெர்மிட் காணி' கதை எல்லோருக்கும் தெரியும், எனவே நீட்டவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை உறுதிக் காணி போல விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியாக இருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதி வாங்கிய 'விற்பனை' ஒன்றுக்கும் உதவாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் சவூதியில் உழைத்த காசை அந்த வெள்ளைத்தாளில் கொண்டுபோய்ப் போடுகிறார்.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயம் ஐந்து சகோதரர்களின் முதுசக் காணியில் கடனில் மூழ்கியிருந்த ஒருவரின் பிரிக்கப்படாத பங்கை, அவரது அவசரத்தைப் பயன்படுத்தி மலிவாக வாங்கினேன். வாங்கிய பிறகுதான், ஐந்தில் ஒன்று எங்கே இருக்கிறது என்று கால் வைத்துக் காட்ட முடியாது என்பது உறைத்தது. ரோட்டுப் பக்கத்தை எல்லோரும் கேட்டார்கள். பிரிவினை வழக்குக்குப் போனோம். அந்த வழக்கு முடியும்போது என் தாடி நரைத்துவிட்டது. சட்டத்தரணிக்கும் நில அளவையாளருக்கும் கொடுத்ததைச் சேர்த்துப் பார்த்தால் சந்தை விலையைவிடக் கூடவே கொடுத்திருந்தேன். முதல் நாளே ஐந்து பேரையும் ஒரு பாயில் உட்காரவைத்து நியாய விலை பேசியிருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். கூட்டுக் காணியில் ஒருவர் விற்பதென்றால் முதலில் மற்றப் பங்காளியிடம் கேட்க வேண்டும் என்ற ஷுஃப்ஆ சட்டத்தின் அருமை அப்போதுதான் புரிந்தது.

அப்படியானால் யாரிடம் வாங்குவது? விற்க விரும்புகிறவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். அவர்களைத் தேட இழவு வீட்டு வாசலில் நிற்கத் தேவையில்லை.

முதலாவது, மேற்சொன்ன முதுசக் காணிக்காரர்கள். ஒரு ஏக்கர் வளவுக்கு ஒன்பது வாரிசு, ஒருவர் திருகோணமலையில், ஒருவர் கட்டாரில், ஒருவர் கனடாவில். யாருக்கும் அதால் பிரயோசனம் இல்லை, யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து முடித்துத் தந்தால் போதும் என்றிருக்கிறார்கள். இங்கே அவர்களுக்குத் தேவை காசைவிட வேலை. வாரிசுகளைச் சேர்ப்பது, பிளான் கீறுவிப்பது, உறுதி தொலைந்திருந்தால் பிரதி எடுப்பது. சுனாமியிலும் 2006லும் உறுதியைத் தொலைத்தவர்கள் எமது பகுதியில் ஏராளம். நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதியிலிருந்து திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இந்த வேலையைச் செய்து கொடுக்கிறவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் அது நியாயமான குறைவு, அவர் உழைப்புக்கான கூலி. அடுத்தவரின் கண்ணீருக்கான கழிவு அல்ல.

இரண்டாவது, வெளிநாட்டில் நிலைத்துவிட்டவர்கள். அவர்களுக்குச் சந்தை விலை தெரியும், அவசரமும் இல்லை, ஆனால் இங்கே பராமரிக்க ஆளில்லை. அற்றோணித் தத்துவத்தோடு யாராவது வந்தால் மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். தத்துவம் கொடுத்தவரோடு வீடியோவில் நேரில் பேசுங்கள். கொடுத்தவர் மௌத்தாகிவிட்டால் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும். உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்காமல் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பிள்ளைகளோடு இருக்க வேறு ஊருக்குப் போகும் பெரியவர்கள், ஓய்வு பெற்று ஊர் திரும்பும் உத்தியோகத்தர்கள், இரண்டு கடையை ஒன்றாக்கும் வியாபாரிகள். இவர்களைப் பற்றிய செய்தி கிராம உத்தியோகத்தரிடமும் நில அளவையாளரிடமும் பழைய நொத்தாரிசு வீட்டிலும் சலூனிலும் இருக்கிறது. பத்து வருடம் நேர்மையாக வாங்கினால் தேடிப் போகவே வேண்டாம், அவர்களே வருவார்கள். மருமகனின் புத்தகத்தில் விளம்பரத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. பெயர் கெடாமல் இருப்பதைப் பற்றி அதில் அரைப் பக்கம்கூட இல்லை.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். எமது பக்கம் பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். விதைப்புக்கு முன் வயலை விற்க வருகிறவர் வயல் வேண்டாம் என்று வருவதில்லை. வித்துக்கும் உரத்துக்கும் உழவுக்கும் காசில்லாமல் வருகிறார். மார்ச்சில் வந்தால் அவர் உண்மையிலேயே விற்க நினைக்கிறவர். ஒக்டோபரில் வருகிறவரிடம் நீங்கள் வயலை வாங்க வேண்டியதில்லை, நெல்லை வாங்கலாம். அளவும் தரமும் தவணையும் பேசி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்து, அறுவடையில் நெல் எடுக்கும் 'ஸலம்' வியாபாரத்தை மார்க்கம் அனுமதிக்கிறது. அல்லது இரண்டு போகத்துக்குக் குத்தகைக் காசை முன்பணமாகக் கொடுங்கள். உங்களுக்கும் லாபம், அவருக்கும் வயல் மிச்சம். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறி, உரமும் இல்லாமல் சனம் தவித்தபோது, ஏஜென்சிக் காசுக்காக வளவை விற்று மகனை மத்திய கிழக்குக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! அன்று குத்தகைக்கு எடுத்தவர்களைச் சனம் இன்றும் ஸலாம் சொல்லி வரவேற்கிறது. அன்று எழுதி வாங்கியவர்களைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறது.

சிலர் கேட்பார்கள்: 'நான் வாங்காவிட்டால் வேறொருவர் இன்னும் மலிவாக வாங்குவார், அந்த மனிதருக்கு இன்றைக்குக் காசு வேண்டும், நான் என்ன செய்வது?' நியாயமான கேள்வி. கஷ்டத்தில் இருப்பவரிடம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் ஒதுங்கினால் அவருக்குத்தான் கஷ்டம். வாங்குங்கள், ஆனால் அவருக்குக் கஷ்டம் இல்லாதிருந்தால் என்ன விலை கொடுப்பீர்களோ அந்த விலைக்கு. நான் இப்போது செய்வது இதுதான். பக்கத்துக் காணி கடைசியாக என்ன விலைக்குப் போனது என்பதை நானே முதலில் சொல்லிவிடுவேன். முற்பணம் கொடுத்த பிறகும் இரண்டு வாரம் மனம் மாற இடம் வைப்பேன். வீட்டுக்காரியும் வயது வந்த பிள்ளைகளும் இருக்கும்போதுதான் பேச்சு. இத்தா இருக்கும் வீட்டில் காணிப் பேச்சை எடுப்பதில்லை. முடியுமான இடத்தில், மூன்று வருடத்துக்குள் அதே விலைக்குத் திரும்ப வாங்க விரும்பினால் தருவேன் என்று வாக்குக் கொடுப்பேன். இந்த வாக்கு எந்த வடிவில் மார்க்கத்துக்கு உட்படும் என்பதை முதலில் ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதில் கருத்து வேறுபாடு உண்டு.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் குதிரைக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். அவருடைய பணியாள் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலை பேசி, விற்பவரைக் கூட்டி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது இதைவிடப் பெறுமே, நானூறுக்குத் தருகிறீரா, ஐந்நூறுக்குத் தருகிறீரா என்று தானே ஏற்றிக்கொண்டு போய் எண்ணூறு கொடுத்து வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருந்ததுதான் காரணம். மருமகன் சிரித்துவிட்டு, "மாமா, இப்படி வாங்கினால் கடை மூடத்தான் வேண்டும்" என்றார். நானும் எண்ணூறு கொடுத்தவன் இல்லை. ஆனால் முந்நூறுக்கும் எண்ணூறுக்கும் நடுவில் மனச்சாட்சியுள்ள வியாபாரிக்கு நிறைய இடம் இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் சம்பூர் 120 மெகாவோட் சூரிய மின் திட்டத்தைக் கொழும்பிலிருந்து இணையவழியில் ஆரம்பித்து வைத்தார்கள். அதற்குப் பிறகு சம்பூர் வீதியில் முகம் தெரியாத வாகனங்கள் அடிக்கடி நிற்கின்றன. பழைய தரகர்களின் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. அன்று 'காணி கிடைக்காது' என்று பயம் காட்டி வாங்கப் பார்த்தார்கள், இன்று 'திட்டத்துக்கு எடுத்துவிடுவார்கள், அதற்கு முன் வித்துவிடுங்க' என்று பயம் காட்டுகிறார்கள். இதில் எம்மவர்கள் சிலரும் கலந்திருக்கிறார்கள் என்று கேள்வி. நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் அது இரண்டு தனிமனிதரின் காணித் தகராறாக நிற்காது. இரண்டு சமூகத்தின் தகராறாக மாறுவதற்கு எமது பிரதேசத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அன்று மருமகனைக் கட்டைபறிச்சானுக்குக் கூட்டிப்போனது ஒரு வளவு பார்க்கத்தான். சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளோடு போய் இருக்கப் போகிறார். ரோட்டுப் பக்கம், நல்ல கிணறு, உறுதி சுத்தம், பதிவகத்தில் நானே பார்த்தேன். பக்கத்து வளவு போன விலையைச் சொன்னேன். மருமகன் என் காலை மிதித்தார், நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கனடாவில இருக்கிற மகனிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றன் நானா" என்றார். "அவசரமில்ல சேர், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று வந்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.